நாற்பத்தொன்றாம் இலக்கக்காரி

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்ற செய்தி, 1993ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு முப்பத்தாறுக்கு லண்டன் தமிழர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை அது எனக்கும் என் மனைவி டொலறசுக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது.

அந்த நாட்களில் குலசேகரம் அண்ணை ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்த அறையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் ஒலிபரப்பு நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பொத்தான்களை அவரே அமுக்குவார். அவருடைய மனைவி கமலாம்பிகை அக்கா தொலைபேசி எடுப்பார். எனக்கு நான்கு நிமிட விளையாட்டுச் செய்தி. சனிக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்துத் தமிழில் எழுதி, நான் அந்த மைதானத்தில் நின்று வந்தவன் போன்ற குரலில் வாசிப்பேன். மற்ற ஆறு நாட்களும் வட லண்டனில், எட்மண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தேன்.

இந்த நான்கு நிமிடத்தைப் பெறுவதற்காக, யாழ்ப்பாணத்தில் நான் உதைபந்தாட்ட வர்ணனையாளனாக இருந்தேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தேன். அது முழுப் பொய் அல்ல. குருநகரில் ஒருமுறை, உண்மையான வர்ணனையாளர் தேத்தண்ணி குடிக்கப் போனபோது, பதினொரு நிமிடம் ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அந்தப் பதினொரு நிமிடத்தில் கோல் எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் யார் போட்டது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிறு, நீரிழிவு பற்றிப் பேச வரவேண்டிய டொக்டரின் கார் வழியில் நின்றுவிட்டது. உலகச் செய்தி முடிந்தபோது பன்னிரண்டு பத்து. முழுதாக ஐம்பது நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. மூலையில் இருந்த சிறிய தொலைக்காட்சியில், ஐரோப்பாவில் எங்கோ மலைப் பக்கம் நடக்கும் சர்வதேசக் குளிர்கால விளையாட்டுப் போட்டி போய்க்கொண்டிருந்தது.

"தம்பி றெஜி, உதிலை என்ன போகுது?" என்றார் அண்ணை.

"பனியிலை ஓட்டம் அண்ணை. பொம்பிளையள்."

"முதுகிலை என்ன கொழுவிக் கிடக்கு?"

"துவக்குப் போலை கிடக்கு."

துப்பாக்கி என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. "பனி, பொம்பிளையள், துவக்கு. உதை அப்பிடியே நேர்முக வர்ணனையாச் சொல்லும். சனம் ரேடியோவை விட்டு அசையாது."

"இந்த விளையாட்டு வந்து அண்ணை..."

"உமக்குத் தெரியாத விளையாட்டும் இருக்கே?"

நேர்மையான மனிதன் ஒருவன் அந்த இடத்தில் "ஓம், இருக்கு" என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது இது: "ரீவிச் சத்தத்தை மட்டும் நிப்பாட்டி விடுங்கோ. இங்கிலீஷ் குறுக்கை வரும்." அந்த அறையில் விளையாட்டின் விதிகளைத் தெரிந்திருந்த ஒரே குரலை அப்படி நானே அடைத்துவிட்டேன்.

"உறைபனி மூடிய மலையடிவாரத்திலிருந்து உங்கள் றெஜினோல்ட்" என்று தொடங்கினேன். எனக்குக் குளிரவில்லையா என்று பிறகு ஒரு அம்மா அக்கறையாகக் கேட்டிருந்தார்.

காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளோடு ஒவ்வொருத்தியாக, அரை நிமிட இடைவெளியில் அவர்களைப் புறப்பட விட்டார்கள். பாதை ஒடுக்கம் என்பதால் இந்த ஏற்பாடு என்று விளக்கினேன். ஒவ்வொருவரின் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. திரையின் அடியில் நிமிடமும் விநாடியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை வெவ்வேறு ஊர்களின் வெப்பநிலை என்று நினைத்து, இரண்டொன்றை வாசித்தும் காட்டினேன்.

பிறகு சுடும் இடம் வந்தது. பெண்கள் மூச்சிரைக்க ஓடிவந்து, பாயில் குப்புறப் படுத்து, ஐந்து கறுப்பு வட்டங்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். பலருடைய வட்டங்கள் சுடச் சுட வெள்ளையாக மாறின. குண்டு பட்டால் கறுப்பாக ஓட்டை தெரியத்தானே வேண்டும் என்று என் மூளை சொன்னது. ஆகவே வெள்ளை என்றால் தவறிய சூடு. அப்போதுதான் நாற்பத்தொன்றாம் இலக்கத்தோடு ஒரு மெலிந்த பெண் வந்து படுத்தாள். ஐந்து முறை சுட்டாள். ஐந்து வட்டங்களும் கன்னங்கரேலென்று அப்படியே இருந்தன.

"ஐந்துக்கு ஐந்து" என்று நான் முழங்கினேன். "நேயர்களே, இதுவரை எவரும் செய்யாத சாதனை."

படமெடுப்பவனும் அவளை விட்டு நகரவில்லை. அதனால் எனக்கு இன்னும் உறுதியாயிற்று. அவள் எழுந்து பக்கத்திலிருந்த சிறிய வட்டப் பாதைக்குள் போய்ச் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகாமல் நேரே போனார்கள்; சிலர் ஒரு சுற்றோடு போனார்கள். இவள் ஐந்து சுற்றுச் சுற்றினாள். அது நன்றாகச் சுட்டவர்களுக்குக் கொடுக்கும் மரியாதைச் சுற்று என்று அறிவித்தேன்.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கமலாம்பிகை அக்கா துண்டுத் துண்டாக எழுதிக் கொண்டுவந்து வைத்தார். எட்மண்டன் யோகலிங்கம் குடும்பத்தினர் நாற்பத்தொன்றுக்கு வாழ்த்து. ஒரு துண்டில், "அவ எந்த நாடு?" என்று இருந்தது. திரையில் இருந்த எழுத்து எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதற்காக நான் பேசாமல் இருக்கவில்லை. "அது ஒரு சின்னஞ்சிறிய நாடு. பெரிய நாடுகளுக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கும் நாடு" என்றேன்.

அதற்குப் பிறகு தொலைபேசியைக் கீழே வைக்கவே முடியவில்லை. லண்டனில் இருந்த அத்தனை தமிழ் வீடுகளும் நாற்பத்தொன்றின் பக்கம் சேர்ந்துவிட்டன. கண்ணாடிக்கு அப்பால் குலசேகரம் அண்ணை இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைக் கேட்டது அன்றுதான். அடுத்த அழைப்பை அண்ணை நேரே ஒலிபரப்பில் விட்டார்.

"வணக்கம் அண்ணை. நான் வசந்தமலர், குரோய்டனிலை இருந்து கதைக்கிறன்."

"வணக்கம் தங்கச்சி. நாற்பத்தொன்றுக்கு வாழ்த்துச் சொல்லப் போறீங்களோ?"

"இல்லை அண்ணை. அந்தப் பிள்ளை பாவம். அஞ்சும் பிழைச்சுப் போச்சு."

"எது பிழைச்சது?"

"சூடு. குண்டு பட்டால்தான் அந்தக் கறுப்பு வட்டம் வெள்ளையா மாறும். அவவுக்கு அஞ்சும் கறுப்பாவே கிடந்தது. ஒண்டும் படேல்லை."

அண்ணையின் கட்டைவிரல்கள் மெதுவாக இறங்குவதைக் கண்டேன்.

"அப்ப அந்த மரியாதைச் சுற்று?"

"அது தண்டனை அண்ணை. ஒரு குண்டு பிழைச்சால் நூற்றைம்பது மீற்றர் கூட ஓடவேணும். அஞ்சு பிழை, அஞ்சு சுத்து."

வசந்தமலரின் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது வழி கிடைத்திருக்கும். "லைன் சரியில்லை" என்று சொல்லித் துண்டித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குப் பதிலாக, பொலிஸ்காரன் விசாரிப்பதுபோல, "தங்கச்சிக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"நான் ஆறு வருஷம் நோர்வேயிலை இருந்தனான். அங்கை வடக்காலை, கடைசி முனையிலை, மீன் பக்டரியிலை வேலை. ஞாயிற்றுக்கிழமை வேறை செய்ய ஒண்டும் இல்லை. பக்டரிப் பெட்டையளோடை நானும் பனிக்கட்டை போட்டு ஓடினனான்."

"துவக்கோடையோ?"

"ஒருக்கா ஓடினனான். பக்டரிக்காரர் வைச்ச போட்டி. பத்திலை எட்டுப் பிழைச்சது. எனக்குப் பின்னாலை வந்தது பாதையைச் சரிப்பண்ணிற மெஷின் மட்டும்தான்."

கமலாம்பிகை அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் சிரிக்கும் உரிமை எனக்கு அன்று இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன்.

"நேயர்களே, இதுவரை நான் சொன்னவற்றில் அவர்கள் பெண்கள் என்பதும் அது பனி என்பதும் சரி. மற்றதெல்லாம் பிழை. மன்னிக்க வேண்டும்." பிறகு, "தங்கச்சி, தயவுசெய்து போனை வைக்காதேங்கோ" என்றேன்.

வசந்தமலர் வைக்கவில்லை. அவருடைய வீட்டிலும் அதே அலைவரிசை ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு. பெண்களுக்கு இந்த ஓட்டம் ஏழரைக் கிலோமீற்றர், இரண்டு தடவை சுடவேண்டும், முதலில் படுத்து, பிறகு நின்று, கடைசியில் குறைந்த நேரம் எடுத்தவர்தான் வெற்றி என்று இரண்டே நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்க வைத்தார். அதையெல்லாம் நான் இருபத்தைந்து நிமிடமாக ஒருவருக்கும் விளங்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். துண்டுகள் வருவது நிற்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: நாற்பத்தொன்று இப்போது எங்கே?

"வாறா" என்றார் வசந்தமலர். "வலப்பக்கக் கடைசி மூலையிலை பாருங்கோ."

அவள் இரண்டாவது சூட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். இப்போது படமெடுப்பவனுக்கு அவள் தேவையில்லை. முன்னணிக்காரி ஒருத்தியின் தோளுக்குப் பின்னால், ஒரு பெருவிரல் அளவில், துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"நிண்டு சுடுறதுதான் கஷ்டம்" என்றார் வசந்தமலர். "ஓடிவந்த நெஞ்சு அடிச்சுக்கொண்டு நிக்கும். அந்த அடியிலை துவக்கும் ஆடும். மூச்சை அரைவாசி விட்டிட்டு அப்பிடியே பிடிக்கவேணும். முதல் அஞ்சும் பிழைச்ச ஆளுக்குக் கை இன்னும் நடுங்கும்."

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் வட்டம் வெள்ளையாயிற்று.

"பட்டது" என்றேன்.

"ஓம், பட்டது."

இரண்டாவது. மூன்றாவதுக்கு அவள் நீண்ட நேரம் எடுத்தாள்; துப்பாக்கியை ஒருமுறை இறக்கி, மறுபடி தூக்கினாள். வெள்ளை. நான்காவதும் வெள்ளை. அந்த நேரம் பார்த்துத் திரை மாறி, முதலிடத்தில் இருந்த பெண் யாரையோ கட்டிப்பிடிப்பதைக் காட்டினார்கள். "அங்காலை விலத்தம்மா" என்று நான் ஒலிபரப்பிலேயே கத்திவிட்டேன். அது முழு லண்டனுக்கும் போனது.

திரை மறுபடி மாறியபோது அந்த மூலையில் ஆள் இல்லை. மேலே ஐந்து வெள்ளை வட்டங்கள். அவள் துப்பாக்கியை முதுகில் போட்டபடி, அந்தத் தண்டனைச் சுற்றின் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பேச வரவில்லை. வானொலியில் பத்து விநாடி மௌனம் என்பது பெரிய குற்றம். அண்ணை கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கைகளாலும் காற்றைக் கிண்டினார். என் கண் கலங்கியிருந்தது. பெயர் தெரியாத, நாடு தெரியாத, என்னால் தவறாக மட்டுமே புகழப்பட்ட ஒரு பெண்ணுக்காக ஏன் கலங்கியது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது வர்ணனைத் தமிழ் அல்ல.

"போறா" என்றேன். "சுத்தேல்லை. நேரை போறா."

"ஓம் அண்ணை" என்றார் வசந்தமலர். "நேரை போறா."

அவள் முடிவுக் கோட்டுக்கு வந்து பனியில் அப்படியே குப்புற விழுந்து கிடந்ததை ஒரு விநாடி காட்டினார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு முப்பத்தொன்பதாம் இடம். இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஆகவே அதுவும் நிலைக்கப் போவதில்லை. அதை நானும் வசந்தமலரும் தங்கம் கிடைத்ததுபோல் அறிவித்தோம். மணி ஒன்றானதும் அண்ணை ஒலிபரப்பை முடித்தார். போட்டியில் யார் வென்றது என்று நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை என்பது, திங்கட்கிழமை யாரோ தொலைபேசியில் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

வீட்டுக்குப் போனேன். டொலறஸ் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டனீரோ?" என்றேன்.

"ஓம், கேட்டன்."

"எப்பிடி இருந்தது?"

"அந்தப் பிள்ளை நல்ல வடிவாக் கதைச்சா" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லாததற்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

அந்த வாரம் மரக்கறிக் கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "மரியாதைச் சுற்று வாறார்" என்றார். பெட்ரோல் போட வந்த தமிழர்கள் காசு கட்டிவிட்டு என் கூண்டைச் சுற்றி ஐந்து தடவை நடப்பதாகப் பாவனை செய்தார்கள். வியாழக்கிழமை குலசேகரம் அண்ணை கூப்பிட்டார்.

"விளையாட்டுப் பகுதியை வசந்தமலரிட்டைக் குடுக்கப் போறன். பதினைஞ்சு நிமிஷம். அவ ஓமெண்டிட்டா."

"சரி அண்ணை" என்றேன்.

"ஆனா நீரும் இருக்கவேணும் எண்டு கேட்டவ. அவ சொல்லேக்கை நீர் பக்கத்திலை இருந்து கேள்வி கேளும்."

"என்ன கேள்வி?"

"விளங்காததைக் கேளும். அதுக்கு நீர் ஒண்டும் படிச்சுக்கொண்டு வரத் தேவையில்லைத்தானே."

அப்படித்தான் நான்கு வருடம் அந்தப் பகுதி போனது. வசந்தமலர் ஞாயிறுதோறும் குரோய்டனிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். பொலித்தீன் பையில் தன் கையால் எழுதிய குறிப்புகள் இருக்கும். நான் வெறுங்கையோடு போவேன். பந்து ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதுவரை கேட்டிருக்கிறேன். சனங்கள் என் கேள்விகளைத்தான் விரும்பினார்கள் என்று அண்ணை சொல்வார். நான் கேட்பது தங்களுக்கும் தெரியாததுதான் என்று இரண்டு பேர் கடிதம் எழுதியிருந்தார்கள்.

முதல் வருடம் மார்கழியில், தென் லண்டனில் பனிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தும்புப் பாய் விரித்த ஒரு செயற்கைச் சறுக்கு மேட்டுக்கு வசந்தமலர் என்னையும் டொலறசையும் கூட்டிப்போனார். டொலறஸ் அரை மணியில் நின்று பழகி, மெதுவாக வளைந்து இறங்கினாள். நான் வளையாமல் இறங்கினேன். கீழே கம்பி வேலி இருந்தது. அடுத்த ஞாயிறு வசந்தமலர் அதை நேயர்களுக்கு மூன்று நிமிடம் விபரித்தார்: மேட்டின் உயரம், என் வேகம், எந்த முழங்கால் எந்தக் கம்பத்தில் பட்டது என்பதுவரை. பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு இருந்து கேட்டேன். ஒரு தரவுகூடப் பிழை இல்லை.