மடிக்கு வாய் எந்தப் பக்கம்

ஐம்பத்தேழாம் வருடம் கீரனூர்ப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் கங்காரு தன் குட்டியைத் தின்றதற்கு அறிவியல் வாத்தியார் சோலையப்பன்தான் பொறுப்பு. வெறும் 'பை' என்று எழுதினால் கனம் பத்தாதென்று, கரும்பலகைப் படத்துக்குக் கீழே 'குட்டியை இரைப்பையில் வைத்து வளர்க்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். பக்கத்துப் பலகையில் இருந்த வாம்பட்டு என்ற இன்னொரு ஆஸ்திரேலியப் பிராணிக்கும் அதே வாசகம்தான்.

"அடி ஆத்தீ, பெத்ததையே திங்குதாம்டி!" என்று எழுத்துக்கூட்டிப் படித்த ஒருத்தி கத்த, கூட்டம் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தையல் அறைப் பக்கம் ஒதுங்கியது. என்ன கலவரமென்று பார்க்க வந்த தையல் டீச்சர் அமராவதி, பலகையைப் படித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஊர் சிரித்தால் சோலையப்பனுக்குப் பழக்கம்தான். இவள் சிரித்ததும்தான் பலகையைத் துடைக்க ஈரத்துணி தேடினார். மனைவியை இழந்து, இரண்டு வயது மகள் செவந்தியோடு நிற்கும் அவர், தலைமையாசிரியர் வீட்டம்மா மூலம் இவளைப் பெண் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. "பாப்போம்" என்பதற்கு மேல் பதில் இல்லை.

அமராவதி 'இரைப்பை'யை ஈரத்துணியால் துடைத்து 'மடி' என்று எழுதினாள். பிறகு படங்களைத் தையல்காரியின் கண்ணோடு பார்த்தாள்.

"கங்காருக்கு மடி வாய் மேல இருக்கு, சரி. இந்தப் பன்னிக்குட்டி மாதிரி இருக்கிறதுக்குப் பின்பக்கம் இருக்கே? இதுலயும் கோட்டை விட்டுட்டீங்களா சார்?"

"இல்லைங்க டீச்சர், இது ஒண்ணாச்சும் சரி. கங்காரு நிமிந்து தாவுற சென்மம். குட்டி விழாம இருக்க மேல வாய். வாம்பட்டு மண்ணத் தோண்டி வளையில குடியிருக்கும். வாய் முன்னால இருந்தா, தோண்டுற மண்ணெல்லாம் குட்டி மேல கொட்டிப்போகும்."

"ஆளுக்குத் தக்க தையல்!"

அந்தப் பாராட்டில் சோலையப்பனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வருவதுதான் அவருடைய துணிச்சல்.

"ஒண்ணு வெட்டவெளியில தாவும். ஒண்ணு குழிய விட்டு வெளிய வர ஒரு பொழுது யோசிக்கும். இருந்தாலும், இப்படி ரெண்டு பேரு ஒரே வீட்டுல... அதாவது ஒரே காட்டுல... ஏற்கெனவே ஒரு குட்டியும் இருக்கிறப்ப..."

அமராவதி கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

"எதுக்கு சார் ஆஸ்திரேலியாவச் சுத்தி வாரீங்க? புள்ள எங்கிட்ட ஒட்டுமான்னுதான் யோசிச்சேன். ஒரு மாசமா தையல் அறைக்கு வந்து என் மடியிலதான் உக்காருறா, ஒட்டிக்கிட்டா. வேலைய மட்டும் விடமாட்டேன். எனக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை வந்து எங்கப்பாவப் பாருங்க."