விஸ்மியாத்தி இறங்கிய நிலங்கள்

வேளாண் துறையிலிருந்து பரிசோதனைக்கு மண் எடுக்க வந்த விஸ்மியாத்தி எங்கள் ஊர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கால் வைத்த முதல் நாளே கணுக்கால்வரை மண்ணுக்குள் போனார். மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதே பாத்தியில் அவருக்கு முன்னும் பின்னும் நடந்த ஏழு பேரின் காலில் தூசிதான் ஒட்டியது. அவர் துளைக்குழாயைக் குத்தி, வந்த மண்ணைப் பையில் போட்டு, காலை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். ஒரு தோட்டத்துக்கு ஐம்பது இடம். ஐம்பது முறை இறங்கினார், ஐம்பது முறை ஏறினார். தோட்டக்காரர் கஸ்மூரிக்குப் பொறுக்கவில்லை. "இபு, தப்பா நினைக்காதீங்க, உங்க எடை என்ன?" என்று கேட்டார்; இபு என்றால் எங்கள் பேச்சில் அம்மா. சந்தைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு கிலோ. ஒரு கிழங்கு மூட்டையைவிடக் குறைவு.

எங்கள் ஊர் இருக்கும் தியெங் மேட்டில் வறண்ட மாதங்களில் விடியற்காலை உறைபனி விழுந்து செடி கருகும். அது எங்களுக்குத் தெரிந்த எதிரி. இது வேறு. தோட்டத்து நடுவில் பாய் விரித்த அளவுக்குச் செடிகள் குட்டையாகி மஞ்சளாகும், அடுத்த போகத்தில் அந்தப் பாய் இரண்டாகும். பிடுங்கினால் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு இருக்கும். வேரில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் பொன்னிற மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு தாய் நூற்புழுவின் உடம்பு. செத்துக் கெட்டிப்பட்டு, வயிற்றில் முந்நூறு முட்டையோடு, பக்கத்தில் இன்னொரு உருளைக்கிழங்கு வேர் வரும்வரை இருபது வருஷம்கூடக் காத்துக் கிடக்கும். விஸ்மியாத்தி மசூதிக்கு எதிரில் இருந்த உரக்கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, மண்ணை உலர்த்தி, தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்ததைச் சல்லடையில் பிடித்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். கணுக்கால்வரை போன தோட்டத்தில் நூறு கிராம் மண்ணுக்குப் பன்னிரண்டு மணி இருந்தன. கெண்டைக்கால்வரை போனதில் அறுபது, முழங்கால்வரை போனதில் இருநூறு. நல்ல தோட்டங்களில் அவர் எல்லோரையும்போல மேலேயே நடந்தார்.

மணி இருந்தால் பல வருஷத்துக்கு உருளைக்கிழங்கு கூடாது, கேரட்டோ முட்டைக்கோஸோ போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்களை மெக்கா அனுப்பியதும் ஓட்டுவீடு கட்டிக்கொடுத்ததும் உருளைக்கிழங்குதான். அதனால் அவர் நடக்கும் வழியில் பலகை போட்டார்கள். பலகையோடு இறங்கினார். கருங்கல் பாவினார்கள், கல்லோடு இறங்கினார். கஸ்மூரி கோழி அறுத்து, ஊரைக் கூட்டித் தொழுகை வைத்தார். மறுநாள் அதே கணுக்கால். சிலருக்கு, ஆகாதவர் தோட்டத்தையும் மாட்டிவிடலாம் என்று வேறு யோசனை வந்தது. "எங்க மச்சான் தோட்டத்துலயும் ஒரு நடை நடந்துட்டுப் போங்க இபு. டீ ரெடியா இருக்கு." மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். தொண்ணூற்றாறு கிலோ ஆள். மூன்று தோட்டத்தில் நடந்து பார்த்து, மண் உறுதியாக உள்ளது என்று எழுதிவிட்டு, இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுப் போனார். உரக்கடைக்காரர் மனைவி ஒருநாள் விஸ்மியாத்தியிடம் கேட்டார், உள்ளே போகும்போது பயமாக இருக்காதா என்று. "இருக்கும்கா. ஆனா எத்தனாவது இடம்னு எண்ணிட்டே இருப்பேன். எண்ணிட்டிருந்தா பயம் கொஞ்சம் தள்ளி நிக்கும்."

மூன்று வருஷம் அவர் போகாத ஒரே தோட்டம் முங்காஸுடையது. மேட்டில் பதினான்கு ஊருக்கு விதைக்கிழங்கு கொடுப்பவர் அவர். வேலி போட்டு, கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தார். "என் விதை சுத்தம். அந்தம்மா காலுல இருக்கு நோய்" என்று சந்தையில் சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம். நான்காம் வருஷம், பூ விடும் பருவத்தில், அவர் மனைவி சாரின்தென் தலைத்துணியில் எதையோ முடிந்துகொண்டு உரக்கடைப் பின்னறைக்கு வந்தார். மேசையில் அவிழ்த்தார். ஒரு வேர். பாசிமணி கோத்த மாதிரி மின்னியது.

"இத எண்ண கண்ணாடி வேணுமா, இபு?"

"வேண்டாம். வெறுங்கண்ணுக்கே தெரியுது. எப்ப இருந்து?"

"அவருக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். ராத்திரி தூக்கமில்ல, பகல்ல சாப்பாடு இல்ல. ஆனா விக்கறதும் நிக்கல. நீங்க வந்து நடங்க. பூட்டு சாவி எங்கிட்டதான் இருக்கு."

வேர் ஒன்று போதாது, ஐம்பது இடத்தில் மண் எடுத்தால்தான் அறிக்கை செல்லும். எனவே வியாழக்கிழமை காலை விஸ்மியாத்தியின் இடுப்பில் மூங்கில் ஏற்றும் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நாங்கள் இருபது பேர் பிடித்துக்கொண்டோம். கதவைச் சாரின்தென் திறந்தார். முங்காஸ் தன் கொட்டகை வாசலில் நின்று, "என் நிலத்துல ஒருத்தரும் மூழ்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது இடத்தில் விஸ்மியாத்தி இடுப்புவரை போனார். முங்காஸ் கொட்டகை வாசலை விட்டு இறங்கினார். இருபதாவது இடத்தில் மார்பு. அதற்குமேல் நடை இல்லை, நீச்சல்தான். செடிகளுக்கிடையில் தலையும் இரண்டு கையும் மட்டும் போய்க்கொண்டிருந்தன, கை குழாயைக் குத்தும், பையில் போடும். பிறகு ஓர் இடத்தில் கையும் தெரியவில்லை. கயிறு மட்டும் மண்ணுக்குள் ஓடியது. ஒரு முழம், ஐந்து முழம், எட்டு முழம். இழுத்தோம். வரவில்லை.

முங்காஸ் ஓடிவந்து கயிறு நுழைந்த இடத்தில் விழுந்து கையாலேயே தோண்டினார். அவருக்கு அந்த மண் கல்லாக இருந்தது. நகம் இரண்டு பெயர்ந்தது. "தெரியும்! எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் வித்தேன்! பதினாலு ஊருக்கும் நான்தான் குடுத்தேன், அந்தம்மாவ விட்டுடு!" என்று மண்ணைப் பார்த்துக் கத்தினார். யாரிடம் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கயிறு இலகுவாயிற்று. இழுத்தோம், விஸ்மியாத்தி வந்தார். சாரின்தென் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, மூக்கிலிருந்து மண்ணை எடுத்தார். இருமி முடித்ததும் விஸ்மியாத்தி பையைத் தடவிப் பார்த்தார். வாய் இறுகக் கட்டியிருந்தது.

"நாப்பத்தி மூணு ஆச்சு," என்றார். "இன்னும் ஏழு இருக்கு. கயிற கொஞ்சம் நீளமா விடுங்க."

அந்த ஏழையும் எடுத்தார். இந்த முறை கயிற்றின் முதல் பிடியில் முங்காஸ் நின்றார்.

எண்ணிக்கை ஆயிரத்து நானூற்றுப் பத்து. முங்காஸ் தன் விதை முழுவதையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார். பிறகு விஸ்மியாத்தியோடு பதினான்கு ஊருக்கும் போய், யார் தோட்டத்துக்கு எந்த வருஷம் கொடுத்தேன் என்று வாசலில் நின்று சொன்னார். ஓர் ஊரில் அறைந்தார்கள். ஓர் ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்று ஊரில் டீ கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒரே போகத்தில் முடிந்தது. மேடு முழுவதும் கேரட் வந்தது, முட்டைக்கோஸ் வந்தது, மலைப்பப்பாளி வந்தது. இரண்டு குடும்பம் நிலத்தை விட்டுவிட்டு ஜகார்த்தாவுக்குப் பஸ் ஏறியது. மற்றவர்கள் இருந்தோம். முங்காஸ் ஒன்பதாம் வருஷம் இறந்தார். அப்போது அவர் தோட்டத்தில் விஸ்மியாத்தி தொடைவரைதான் போய்க்கொண்டிருந்தார். உயிர் போகுமுன் அந்தச் செய்தியை அவர் காதில் சொன்னபோது, "பரவால்ல, கணக்கு இறங்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

விஸ்மியாத்தி எங்கள் ஊரிலேயே வீடு வாங்கிக்கொண்டார், வாங்குமுன் வாசலில் இரண்டு நடை நடந்து பார்த்து. இப்போது நிலம் வாங்க வெளியூர்க்காரர்கள் வந்தால் தரகர் முதலில் ஆழத்தைச் சொல்லிவிடுவார். முழங்கால் நிலத்துக்கு ஒரு விலை, கெண்டைக்கால் நிலத்துக்கு ஒரு விலை. போன மாதம் சாரின்தென் தோட்டத்தில் பாதியைப் பேரன் பெயருக்கு எழுதிவைத்தார். பத்திரத்தில் கிழக்கே ஓடை, மேற்கே மண்பாதை, தன்மை கணுக்கால் என்று போட்டிருந்தது. பதிவாளர் படித்துப் பார்த்து, வலதா இடதா என்று மட்டும் கேட்டார். இரண்டும் என்றோம். முத்திரை குத்தினார்.