எதுவானாலும் சரி என்றவர்

மூளையில் ரத்தக்குழாய் வெடித்த நாளிலிருந்து, பதினொரு நாளாகக் கண்ணைத் திறந்தபடியே எதையும் பாராமல் கிடந்தார் பைண்டர். அச்சகத்தில் புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டும் வேலை அவருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவுப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"நாலு மணிக்கு டாக்டர் வருவாரும்மா. இவரு எதுக்காவது அசைஞ்சு கொடுத்தா எங்க வார்டுல எடுத்துக்குவோம். இல்லேன்னா அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவருக்குப் பிடிச்ச பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் இதுல எழுதுங்க. அதை வச்சு முயற்சி பண்ணிப் பார்ப்போம்."

மனைவி பேனாவைப் பிடித்தாள். பிடித்ததோடு சரி, எழுத ஒன்றும் வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதரோடு குப்பை கொட்டியிருக்கிறாள். எந்தப் படத்துக்குப் போகலாம் என்று கேட்டால் "எதுவானாலும் சரி" என்பார். மகள் டிவியில் பாட்டுப் போட்டியை வைத்தால் அதைப் பார்ப்பார், இவள் தொடரை வைத்தால் அதையும் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் "உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று பெருமூச்சு விட்டால் இவளுக்குத் தலைகால் புரியாது. அவருக்கென்று ஒரு ஆசை இருக்கலாம் என்று இந்தப் புண்ணியவதிக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மகள் ஃபோனில் பழைய பாட்டுகளைப் போட்டாள். அவளுடைய மாமா கிரிக்கெட் வர்ணனையைக் காதோரம் அலறவிட்டார். ஆளாளுக்குத் தங்கள் ரசனையை அவர் தலையில் கட்டிப் பார்த்தார்கள். அவர் விட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். மணி இரண்டரை ஆகிவிட்டது.

வேறு வழி தெரியாமல் மனைவி அச்சகத்துக்கு ஃபோன் போட்டாள். எடுத்தவர் பைண்டரோடு ஒரே மேஜையில் வேலை செய்பவர். எப்போதும் அவரோடு ஒட்டிக்கொண்டே திரிவதால் கோந்து என்று பெயர் வாங்கியவர்.

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? கேரம்தான்! சாப்பாட்டு நேரத்துல போர்டைப் போட்டாச்சுன்னா அவரு ராஜாங்கம்தான். யாராச்சும் தப்பா ஆடுனா அவரு கத்துற கத்துல மெஷின் சத்தமே கேக்காது."

"யாரு கத்துவா?"

"உங்க வீட்டுக்காரருதான்."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தாத மனிதர் அங்கே போய்க் கத்தியிருக்கிறார். ஒரு மரப்பலகை மீது பொறாமை வந்தது. ஆனால் பொறாமைப்பட நேரமில்லை.

"தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அந்த போர்டைத் தூக்கிட்டு ஓடி வாங்க."

மூன்றே முக்காலுக்குக் கோந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இரண்டு முக்காலிகள் மேல் பலகையை வைத்து, பைண்டரின் தலையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். கோந்து நன்றாகத்தான் ஆடினார், காய்கள் டக் டக்கென்று குழியில் விழுந்தன. கட்டிலில் ஒரு சலனமும் இல்லை.

"எதுக்குத் தம்பி அவருக்கு ரொம்பக் கோவம் வரும்?"

"ரெட்டுக்குத்தான் அண்ணி. சிவப்புக் காயைப் போட்டா அடுத்த அடியிலயே இன்னொரு காயையும் போடணும். போடலேன்னா ரெட்டைத் திருப்பி நடுவுல வைக்கணும். வைக்காம யாராவது ஏமாத்துனா மனுஷன் எந்திரிச்சு நின்னுருவாரு."

"தள்ளுங்க."

ஸ்டிரைக்கரை அவள் ஜென்மத்தில் தொட்டதில்லை. கோந்து குழி வாசலில் வைத்துக் கொடுத்த சிவப்புக் காயைப் பார்த்து அதை நகம் வலிக்கச் சுண்டினாள். விழுந்தது. அடுத்த அடி எங்கோ போனது. அவள் ரெட்டைக் குழியிலிருந்து எடுத்து, அவர் முகத்துக்கு நேரே காட்டி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"வைக்க மாட்டேன். போட்டது போட்டதுதான், ரெட்டு என்னோடது. உங்களால என்ன பண்ண முடியும்?"

டாக்டர் வந்து வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். மகள் "போதும்மா, விடும்மா" என்று தோளைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

"நல்லாப் பாருங்க, ஏமாத்துறேன்! எல்லாரும் பாக்க ஏமாத்துறேன். கேக்க மாட்டீங்களா? இதுக்கும் எதுவானாலும் சரியா?" மூடிய கையை அவர் கண்ணெதிரே ஆட்டினாள்.

பைண்டரின் புருவம் சுருங்கியது. கண் மெல்ல நகர்ந்து அவள் மூடிய கைமேல் வந்து நின்றது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"தப்... தப்பு."

டாக்டர் விறுவிறுவென்று கட்டிலருகே வந்தார். கோந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, பேசிட்டாரு, ரெட்டை வச்சிடுங்க" என்று கெஞ்சினார்.

அவள் வைக்கவில்லை. வைத்துவிட்டால் அவர் பழையபடி சரியென்று அடங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மூடிய கையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "தர மாட்டேன், இன்னும் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்று வார்டே கேட்கும்படி கத்தினாள்.