சொல்லாத வேண்டுதல்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நகரத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, கருத்துக்கணிப்புக்காக, அமெரிக்காவில் எந்தப் பிரச்சினை உங்களுக்கு முதன்மையானது என்று கேட்டாள். கருக்கலைப்பைத் தடுப்பது என்றேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் யாரைக் கேட்டாலும் அதுதான் முதலில் வரும். வைத்தியச் செலவு, வீட்டு வாடகை என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்வது. போனை வைத்த பிறகுதான் லவோன் நினைவுக்கு வந்தாள். அவளை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

2

'மிசௌரியின் பருத்தி வயல்களுக்கு மேலே சூரியன்...'

(வேண்டாம். லவோன் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ரகமில்லை.)

மறுபடியும். லவோன் எங்கள் சபையில், வசதியில்லாத தாய்மாருக்கு டயப்பரும் பால் மாவும் கொடுக்கும் அறையை நடத்துபவள். மருமகள் கெல்சி நிறைமாதக்காரி, இரத்த அழுத்தம் வேறு. மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள். அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும்.

லவோனின் தங்கை ரோண்டா சபைக்கு வராதவள். (அவளைக் கெட்டிக்காரியாக எழுதினால் சபையார் கோபிப்பார்கள். அசடாக எழுதினால் பொய்.)

"பொறக்காத பிள்ளைங்களுக்காகத் தலைநகருக்கு பஸ் பஸ்ஸா போனீங்களேக்கா! புதன்கிழமை அதுங்க பொறக்குற எடத்தையே மூடலாமான்னு கூட்டம் போடறாங்க. ஒரு ஆளாவது வருவீங்களா?"

"அது அரசியல்டி. புதன்கிழமை ஜெபக் கூட்டம் வேற."

"அப்ப தலைநகருக்குப் போனது மட்டும் என்ன, பிக்னிக்கா?"



3

எங்களிடம் ஒரு வழக்கம். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், கையைத் தூக்கி "சொல்லாதது" என்றால் போதும். என்ன ஏதென்று கேட்காமல் ஜெபிப்போம். குடிகாரக் கணவன், ஓடிப்போன மகள் மாதிரி விஷயங்களுக்கு அது.

லவோன் வாராவாரம் கையைத் தூக்கினாள். நாங்களும் உருகி உருகி ஜெபித்தோம். (என் மனைவி லவோனின் கணவர்மேல் சந்தேகப்பட்டு, அவர் திருந்த வேண்டுமென்று தனியாக வேறு ஜெபித்தாள். பாவம், அந்த மனுஷன்.)

ஓர் ஆஸ்பத்திரி வார்டை, வெளியே சொல்லக் கூசும் விஷயமாக ஆக்கி வைத்திருந்தோம். என் எரிச்சல் அதில்தான்.

4

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் லவோன் எழுந்து நின்றாள்.

"பாஸ்டர், இன்னிக்கு சொல்லிடறேன். பிரசவ வார்ட மூடக் கூடாது. அதுக்கான கூட்டம் இப்ப ஆரம்பிச்சிரும். எனக்கு சபை பஸ் வேணும்."

பாஸ்டர் வெண்டல் கெட்டவர் அல்ல. (கெட்டவராக்கினால் கதை எனக்குச் சுலபம்.) வலி வந்த பெண்களைத் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டவர்.

"சிஸ்டர், இது ஜெப நேரம். இங்கயே மன்றாடுவோம். கர்த்தர் பாத்துக்குவாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்காரு பாஸ்டர். நம்மள்ல யாரு எந்திரிக்கிறோம்னு."

5

முடிவு அ: பாஸ்டர் மனம் மாறுகிறார். (தித்திப்பு அதிகம்.)

முடிவு ஆ: லவோன் தனியாகப் போய்த் தோற்கிறாள். (ரோண்டாவின் நண்பர்களுக்குப் பிடிக்கும். எங்களைப் பார்த்துச் சிரிக்க வசதி.)

இரண்டையும் அடிக்கிறேன். இரண்டிலும் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சபை பஸ்ஸை ஓட்டுகிறவன் நான்தான்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். நான் எழுந்து வெளியே போய் வண்டியைக் கிளப்புகிறேன். லவோன் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அத்தனை இருக்கையும் காலி.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நீங்களும் சபைக்குள்ளே பெஞ்சில்தான் இருக்கிறீர்கள். இஞ்சின் சத்தம் கேட்கிறதல்லவா?