வாய்க்கால் வால்வு

“தண்ணியிலேருந்து எடுத்த உப்பெல்லாம் எங்கப்பா போகுது?”

நிலையம் ஓடத் தொடங்கிய நாளில் ஆபரேட்டரின் மகள் கேட்டாள். “தொட்டிக்குப் போகுதும்மா” என்றார். அன்று அது உண்மைதான்.

கிணற்று உவர்நீரை சோலார் மின்சாரத்தில் குடிநீராக்கும் நிலையம் அது. மிஞ்சும் உப்புக் கழிவைத் தொலைவிலுள்ள தொட்டிக்குத் தள்ள இன்னொரு பம்ப் வேண்டும். மேகம் மூடினால் இரண்டுக்கும் மின்சாரம் போதாது. குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. கழிவு வால்வைப் பின்புற வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார். சில குடம் நல்ல தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும். வாய்க்கால் அவர் மனைவியின் அண்ணனுடைய எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிப் போனது. இன்றைக்கு மட்டும் என்று தொடங்கியது பழக்கமாகிவிட்டது.

மரங்கள் நின்றபடியே செத்தன. வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த மைத்துனர், நண்பகலில் கடப்பாரையோடு நிலையத்துக்கு வந்தார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க.” முதல் சோலார் பேனல் நொறுங்கியது.

“மச்சான், வேணாம்.”

“வேணாம்னு என் மரத்துக்குச் சொன்னீங்களா மாப்பிள்ளை? என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே உப்பை ஊத்திக் கொன்னீங்களே.”

இரண்டாவது பேனலும் போனது. அடுத்த அடி இயந்திர அறைக் கதவில் விழுந்தது. ஆபரேட்டர் பைப் ரெஞ்சை எடுத்து ஓங்கி அடித்தார். மைத்துனரின் முன்கை எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

விழுந்தவரை வரிசை விடவில்லை. “எங்க பிள்ளைங்க குடிக்கிறதுலயா கை வைக்கிற?” குடத்தால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், விலாவில் மிதித்தார்கள். கண்ணாடித் தூளில் புரண்டு அவர் முதுகெல்லாம் ரத்தம். ‘தப்பு என்னுடையது’ என்று ஆபரேட்டர் சொல்லியிருக்கலாம். மைத்துனர்மேல் கவிழ்ந்து படுக்கத்தான் முடிந்தது. இரண்டு உதை இவருக்கும் விழுந்தபின் அடி ஓய்ந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார்: “கையை உடைச்சது யாரு?”

பக்கத்தில் நின்ற ஆபரேட்டருக்கு ஒரு வார்த்தையில் வேலையும் போகும், ஜெயிலும் வரும். மைத்துனர், கட்டிலருகே நின்ற தன் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

“கோவத்துல பேனலை உடைச்சேன், அது என் தப்பு. தடுக்கி விழுந்ததுல கை போச்சு.”

“முதுகுல செருப்புத் தடம் இருக்கே?”

“விழுந்த இடம் அப்படி, சார்.”

மறுநாள் ஆபரேட்டர் வாய்க்கால் குழாயை அறுத்து மூடி போட்டு இறுக்கினார். குடம் ஏன் குறைந்தது என்று கேட்ட வரிசையிடம் உண்மையைச் சொன்னார்; வசவும் வாங்கினார். நெஞ்சுப் பாரம் பாதிதான் இறங்கியது.

அடுத்த நாள் விடியுமுன் தன் வீட்டுப் பங்குக் குடத்தைத் தோளில் ஏற்றித் தோட்டத்துக்குப் போனார். ஆளில்லை, மைத்துனர் இன்னும் ஆஸ்பத்திரியில். இலை மிஞ்சியிருந்த ஒரு மரத்தின் அடியில் வெள்ளையாய்ப் பூத்திருந்த உப்பைக் கையால் வழித்தெடுத்தார். பிறகு நல்ல தண்ணீரை, மண் இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றினார். காய்ந்த கிளையொன்றால் தன் காலடித் தடங்களைக் கலைத்துக்கொண்டே வெளியேறினார்.