பார்வைத் தூரம்

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் பாகங்களின் விலையைப் பார்த்தவள் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். காலை வேலை முடிந்ததும் கையிலிருக்கும் கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, அந்த இருட்டுக் கிணற்றுக்குள் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். எட்டு மாடி உயரத்துக்கு மேலே நீளும் கிணறு. ஒவ்வொரு மாடிக் கதவின் இடுக்கிலும் ஒரு வெளிச்சக் கோடு தொங்கும். யாரோ பேசுவதும் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதும் எங்கிருந்தென்று தெரியாமல் மிதந்து வரும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவள் ப்ராசஸர் என்றால் என்ன, ராம் என்றால் என்ன என்று போனில் படிக்க ஆரம்பித்தாள்.

காரணம் அவள் கணவன். அவனும் மெக்கானிக்தான். நட்சத்திரங்களைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி ஒன்று வெகுதூரத்தில் ஒரு மலையுச்சியில் இருக்கிறது. அதைத் திருப்புகிற சக்கரங்களையும், திறந்து மூடுகிற கூரையையும் ஓட வைப்பது அவன் வேலை. ஒன்பது மாத ஒப்பந்தம். நாலு மாதம் போயிருந்தது. அவன் போன புதிதில் தினமும் பேசினார்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் பேச்சே தேய்ந்து போனது.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ம். ஆச்சு."

"குளிருதா?"

"குளிருது."

அதற்குப் பிறகு இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது பேச்சுக்கு இப்படி ஒரு பஞ்சம் வந்ததில்லை. கதவைத் திறக்கும்போது, துணி மடிக்கும்போது, எதையாவது தேடும்போது அது பாட்டுக்குப் பேச்சு வந்துகொண்டிருந்தது. பேச வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே தானாகப் பேசினான். அங்கே ஓய்வறையில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு கேம். யாரையும் சுட வேண்டியதில்லை, துரத்த வேண்டியதில்லை. பெரிய நாடு, மலை, காடு, ஏரி. நம்ம பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கலாம்.

"நேத்து ஒரு பாலத்து மேல அரை மணி நேரம் நின்னேன்" என்றான். "கீழ தண்ணி ஓடுது. சும்மா பாத்துட்டே நின்னேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். ரெண்டு பேரும் சேந்து நடக்கலாமாம். நீயும் வாயேன்."

பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். வீட்டில் இருந்தது அவளுடைய பழைய போன் ஒன்றுதான், கம்ப்யூட்டரே கிடையாது.

கணவனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினாள்.

"நாப்பத்திநாலு வயசுல கேம் விளையாடப் போற."

"நடக்கத்தான் அண்ணி போறேன்."

"நடக்கணும்னா நம்ம தெருவில நட. காசு கேக்காது."

விடுமுறை நாட்களிலும் வேலைக்குப் போனதற்காகக் கம்பெனி கொடுத்த தொகை ஒன்று அவளிடம் தனியாக இருந்தது. எல்லாம் அதற்குள் முடிய வேண்டும், தவணை என்று எதிலும் மாட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டாள்.

அவள் லிஃப்ட் பார்த்துக்கொள்கிற ஒரு வணிக வளாகத்தில் மூன்றாவது மாடி முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். அதில் கடைசிக் கடைக்காரரை எல்லோரும் மெதுவா அண்ணன் என்றுதான் சொல்வார்கள். யார் எதைக் கையில் எடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அவர் கடையில் பாதி திறந்த பெட்டிகளும் சுருட்டிய கேபிள்களும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு ஆள் திரும்புகிற இடம்தான்.

"எவ்வளவுக்குள்ள வேணும்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"முடியாதுன்னு சொல்லல. எல்லாம் ஒண்ணா வராது. எதை விடணும்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் ஒரு மதர்போர்டை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். பாகங்களையெல்லாம் தாங்குகிற பச்சைப் பலகை. அவள் குனிந்து பார்த்தாள். மாடியின் உச்சியிலிருந்து பார்க்கும்போது ஊர் தெரிகிற மாதிரியே இருந்தது. நேர்த் தெருக்கள், சதுர வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள் போல உருளையாகச் சில நின்றன. நடுவே ஒரு காலி மைதானம். அங்கேதான் ப்ராசஸர் உட்காரும் என்றார் அவர். மறுநாள் லிஃப்ட் கூரைமேல் ஒரு கணம் கண் அசந்தபோது அவள் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தாள். ஆள் நடமாட்டமே இல்லை. வெயில் மட்டும் தங்க நிறத்தில் அடித்தது. ஒரு முனையில் திரும்பினால் கணவன் நிற்பான் என்று தெரிந்தது. திரும்புவதற்குள் யாரோ ஐந்தாம் மாடியில் பொத்தானை அழுத்திவிட்டார்கள், மணி அடித்து எழுப்பிவிட்டது.

ஒரு மாதம் பட்டியல் போட்டாள். ஆய்வுப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். எல்லாம் கிராபிக்ஸ் கார்டு என்கிற ஒன்றில் வந்து முட்டியது. கேமில் மலையையும் ஏரியையும் வரைந்து காட்டுவது அதுதான். நல்லதாக வாங்கினால் மீதிப் பணத்தில் மற்றதெல்லாம் மட்டமாகத்தான் வரும். மெதுவா அண்ணன் ஒரு நாள் பழைய கார்டு ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். பாதி விலை. ஓட்டிக் காட்டினார். திரையில் காடு ஒன்று இலை இலையாக விரிந்தது. அவள் திரையைப் பார்க்காமல் காதைக் கார்டின் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்ன பண்றீங்க?"

"ஃபேன் சத்தம் கேக்கறேன்."

இருபது வருஷமாக மோட்டார்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே சோறு தின்றவள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஏதோ உரசியது. ரொம்ப லேசாக, யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல.

"இது ஆறு மாசம் தாங்காது அண்ணே."

அவர் தானும் காதை வைத்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கார்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கார்டே வேண்டாம்" என்றாள். சொன்ன பிறகுதான் அது முடிவு என்று அவளுக்கே தெரிந்தது. "படம் வரையறதையும் தானே பாத்துக்கற ப்ராசஸர் இருக்குன்னீங்கல்ல, அதைக் குடுங்க. கரண்ட் குடுக்கற பெட்டி மட்டும் நல்லதா இருக்கட்டும். லிஃப்ட்டுக்கு உள்ள கண்ணாடி ஒட்டறது அப்புறம். மொதல்ல கயிறு."

மெதுவா அண்ணன் சிரித்தார். "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் கண்ணாடிதான் மொதல்ல கேக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு, படம் சுமாராத்தான் வரும். எல்லாத்தையும் கொறச்சு வெக்கணும். தூரத்துல இருக்கறது தெரியாது."

"கிட்ட இருக்கறது தெரியுமில்ல?"

"அது தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அண்ணி தையலை விட்டுவிட்டு வந்து நின்றாள். வேண்டா வெறுப்பாக நிற்பது போல முகத்தை வைத்திருந்தாலும், திருகாணிகளை அளவு வாரியாகப் பித்தான் டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். பதினோரு மணிக்கு ஸ்விட்சைப் போட்டார்கள். ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடி இரண்டு சுற்று.

"போச்சா?" என்றாள் அண்ணி.

"போகல. எங்கயோ கதவு சரியா மூடல."

அண்ணிக்குப் புரியவில்லை. எட்டு மாடியில் ஏதாவது ஒரு கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. பழுது என்று அலறிக்கொண்டு வருபவர்கள் மோட்டாரைக் காட்டுவார்கள். அவள் கதவுகளைத்தான் முதலில் பார்ப்பாள். இங்கேயும் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ராம் பட்டையின் ஒரு முனை மயிரிழை அளவு தூக்கி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம். இந்தத் தடவை ஃபேன் நிற்கவில்லை. திரை நீலமாக மலர்ந்தது.

"மூடிச்சு" என்றாள் அண்ணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் அந்த நாட்டுக்குள் போனாள். கேமில் எல்லாவற்றையும் கடைசிக்குக் குறைத்து வைத்திருந்தாள். 'பார்வைத் தூரம்' என்று ஒன்று இருந்தது, அதையும் குறைத்தாள். அதனால் அவளைச் சுற்றி இருபதடி புல் இருந்தது, அதற்கப்பால் எல்லாப் பக்கமும் வெண்பனி. நடந்தால் பனிக்குள்ளிருந்து ஒரு மரம் வரும், பக்கத்தில் வந்து நிற்கும், பின்னால் கரைந்து போகும். அழகு என்று சொல்ல முடியாது. கண் விழித்தபிறகும் கனவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். சாம்பல் நிற மேலங்கி. கையை ஆட்டினான்.

"வந்துட்டியா?" அவன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

"வந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரே பனி."

"பனியா? இங்க நல்ல வெயில். சரி, நான் சொல்றேன். இடது பக்கம் மூணு மலை. நடுவுல இருக்கறது மேல மட்டும் வெள்ளை. அதுக்குக் கீழ காடு. கறுப்பா இல்ல, ஒரு மாதிரி ஊதா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு ஒத்தையடிப் பாதை. வா."

அவன் சொல்லச் சொல்ல அவள் நடந்தாள். போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் மலையைச் சொன்னான், மேகத்தைச் சொன்னான், தூரத்தில் குதிரை ஒன்று மேய்வதைச் சொன்னான். அவன் சொன்ன பிறகு சில சமயம் அது பனியிலிருந்து வந்தது. சில சமயம் வரவே இல்லை. தொலைநோக்கி மலையில் இருக்கும் சமையல்காரர் மூக்கால் பாடுவதையும், கூரை திறக்கும்போது வருகிற முதல் குளிர்காற்றையும் சொன்னான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் நடந்துகொண்டே, மலையைச் சொன்ன அதே குரலில் சொன்னான்.

"இன்னொரு ஒன்பது மாசம் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள். அவள் நின்றுவிட்டாள். அவன் கவனிக்காமல் போனான்; சாம்பல் மேலங்கி இருபதடியில் மங்கி, பிறகு இல்லாமல் போனது.

"எப்ப?" என்றாள் வெறும் வெள்ளையைப் பார்த்து.

"போன மாசம். நீ கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி."

"எங்கிட்ட கேக்கல."

"கேக்கல."

"பணத்துக்கா?"

"பணத்துக்கு இல்ல. போன்ல உங்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமே வரல. வீட்டுக்கு வந்தாலும் இப்படியே உக்காந்திருப்போமோன்னு பயமா இருந்துச்சு. இங்க யாரும் பேச மாட்டாங்க, அதனால பேசலைங்கறதே தெரியாது."

அவள் திரும்பி எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. புல் வந்தது, கல் வந்தது, நாணல் வந்தது.

"அந்தப் பக்கம் போகாத" என்றான் அவன்.

"நீங்க சொல்லாதீங்க."

"இல்ல, ஏரி இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். திரையில் அவளுடைய ஆள் பரிதாபமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோபத்தின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வெளியே வந்தது. அவனும் அங்கே சிரிப்பது கேட்டது. பிறகு இருவரும் நிறுத்தினார்கள்.

"நான் இந்தப் பக்கம் திரும்பினதிலிருந்து என்னைப் பாத்துட்டேதான் இருந்தீங்களா?"

"எனக்குத் தெரியுதே. எவ்வளவு தூரம் போனாலும் தெரியுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும்" என்றாள். "கையெழுத்துப் போடக் கூடாது. எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் கம்ப்யூட்டர் வாங்கினேன்."

சாம்பல் மேலங்கி பனியிலிருந்து வந்து, நாணலைத் தாண்டி, அவள் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்றது.

அடுத்த வாரம் அவன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினான். வேறு ஆள் கிடைக்கும்வரை மூன்று மாதம் மட்டும் கூடுதலாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது. மூன்று மாதமும் அவளுக்கு அதிகம்தான். முணுமுணுத்தாள். ஆனால் இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்றான். ஞாயிறுதோறும் நடந்தார்கள். சில நாள் மலை, சில நாள் ஏரிக்கரை. சில நாள், அவன் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயை மாற்றுவதா, முன்னறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதையே பேசிக்கொண்டு காட்டைப் பார்க்காமலே கடந்து போனார்கள்.

ஒரு வாரநாள் பிற்பகலில் வேலை சீக்கிரம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் தையல் மிஷின் சும்மா இருந்தது. அண்ணி உள்ளே கம்ப்யூட்டர் முன்னால், கழுத்தில் அளவு நாடா தொங்க, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பனிக்கு நடுவே ஒரு பெரிய மரம். மரத்தடியில் அவளுடைய ஆள் அசையாமல் நின்றது.

"என்ன அண்ணி, நிக்கிறீங்க?"

அண்ணி திரும்பவில்லை.

"மழை விடட்டும்" என்றாள்.

அவள் கருவிப் பையைச் சத்தம் வராமல் சுவரோரம் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.