கட்டைப் பிரித்த கை

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு எல்லார் மீதும் எரிச்சல். பாதி தைத்த சட்டைகள் முன்னறையில் குவிந்து கிடந்தன. மெஷினை மிதிக்கக் கால் வேண்டும். அதற்காகத்தான் கத்திக்குக் காலை நீட்டினேன். என் கணவரோ பொழுது விடிந்து பொழுது போனால் அவருடைய நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

தையல் போட்ட இடத்தின் கீழ்முனையில் லேசாக நீர் கசிந்தது. காலையில் ஒரு நர்ஸ் பெண் வந்து கட்டுப் போடுவாள். மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் பிளாஸ்திரி கோணலாக ஒட்டியிருக்கும். காலமெல்லாம் நேர்கோட்டில் தைத்தவளுக்கு அது கண்ணை உறுத்தாதா? மறுநாள் அவள் வந்ததும் கிழிகிழியென்று கிழித்தேன்.

"நேராத்தாம்மா ஒட்டினேன்" என்று கண்ணைக் கசக்கினாள்.

"பொய் வேறயா? வாயை மூடு!"

கொஞ்ச நாளில் முட்டி பூசணிக்காயாக வீங்கியது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, முட்டிக்குள் ஊசி விட்டுச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என் கட்டிலருகே வந்தார்.

"அம்மா, இது நாய், பூனை வாயில இருக்கிற கிருமி. வீட்ல ஏதாவது வளக்கறீங்களா?"

"நாய் இருக்கு. ரொம்ப சாது, கடிக்கவே கடிக்காது" என்றார் கணவர்.

"கடிக்கணும்னு இல்ல சார். ஆறாத புண்ணுல நாக்கு பட்டாலே போதும்."

கணவர் பேந்தப் பேந்த விழித்தார். கோணல் பிளாஸ்திரி எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"நான் தூங்கும்போது கட்டைப் பிரிச்சீங்களா?"

"நாய் நக்கினா புண்ணு ஆறும்மா. என் கால் புண்ணு அப்படித்தானே ஆறிச்சு? நீ முனகுறதைப் பாக்க முடியல. அதான் தினமும் கொஞ்ச நேரம்..."

"அடப்பாவி மனுஷா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்த நர்ஸ் பெண் வாங்கிய திட்டெல்லாம் இவர் வாங்கியிருக்க வேண்டியது.

"மறுபடி திறந்து கழுவணும்" என்றார் டாக்டர். "அப்பவும் அடங்கலன்னா, வச்ச முட்டியையே எடுக்க வேண்டி வரும்."

"எடுத்துட்டா நான் மெஷின் மிதிக்க முடியுமா?"

டாக்டர் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தள்ளுவண்டியில் ஏற்றி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்திலேயே ஓடிவந்தார் கணவர்.

"மன்னிச்சுடும்மா. அந்த சனியனை இன்னிக்கே எங்கயாவது கொண்டுபோய் விட்டுடறேன்."

நேற்றுவரை செல்லம், இன்றைக்குச் சனியனா? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அதை எதுக்கு விடணும்? நீங்க கிளம்புங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடணும்."

"அப்போ நாய்?"

"அது இருக்கட்டும். கட்டைப் பிரிக்க அதுக்குக் கை கிடையாது."